வரையாடும் அதன் கொடிவழியும்

உதகமண்டலத்துத் தாவரத் தோட்டத்தைக் காணச் செல்லும் நம் மாணவர் பலர், ஆங்குள்ள மரங்களின் அருகே நாட்டப்பெற்ற சிறு பலகைகளை உற்று நோக்கியிருப்பர். பலகைதோறும் இலத்தீன் மொழியில் இருசொற் பெயரொன்றும், அதன் கீழே குடும்பத்தின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். மாணவர் அவற்றைத் தம் ஏட்டில் எழுதிக்கொள்கின்றனர். தேர்வுக்காக மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். சில ஆண்டுகள் கழித்து, தாம் வருந்திக் கற்ற பெயர் மாற்றப்பட்டுவிட்டதென்று கேள்வியுறின், "பெயரை மாற்றுவதன்றி இவ்வறிஞர்க்கு வேறு தொழில் இல்லையோ?" என்று சலித்துக்கொள்கின்றனர். இச்சலிப்பு இயற்கையே, ஆயினும் அது நியாயமன்று என்பது என் கருத்து. அதனை நீலகிரி மலையின் சான்றுகளைக் கொண்டே விளக்க முயல்வேன்.

பலவாகக் கிடப்பவற்றை வகைப்படுத்திக் காண்பது மனிதன் இயல்பு. நம் முன்னோர் இதில் பின்தங்கியவரல்லர். தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக ஆறு படிகளாக வகுத்துள்ளது. புல்லும் மரமும் ஓரறிவின; நத்தை முதலியன ஈரறிவின; எறும்பும் கறையானும் மூவறிவின; நண்டும் தும்பியும் நாலறிவின; விலங்கு முதலியன ஐயறிவின; மக்கள் ஆறறிவினர். அந்நூலே, புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரமென்றும் பிரித்தது. இம்முறைப்படி வானளாவ நிற்கும் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லேயன்றி மரமல்ல. கேட்டார்க்கு நகைப்பாகத் தோன்றும் இம்முடிவு, இன்றைய தாவர நூலாரின் முடிபோடு பெரிதும் ஒத்திருப்பது வியப்பன்றோ? பனையும் மூங்கிலும் நெல்லும் அறுகும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே கிளையில் தோன்றியவை. மாவும் தேக்கும் அவற்றிற்குத் தூரத்து உறவினவே. உயரத்தைக் கண்டு மயங்காது உள்ளமைப்பை நோக்கியதால் பழந்தமிழாசிரியர் உண்மையை அணுகினர். ஆனால் எல்லா ஒற்றுமையும் இவ்வாறு உறவைக் காட்டிவிடுவதில்லை. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து.

ஐரோப்பாவில் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டறிஞர் 1735-ம் ஆண்டில் உலகப் பொருள்களை வகைப்படுத்தும் தம் நூலை வெளியிட்டார். 1753-ம் ஆண்டில் தாவரங்களுக்கும், 1758-ம் ஆண்டில் விலங்குகளுக்கும் இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டினார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டு சொல்லும் சேர்ந்து சிற்றினத்தையும் குறிக்கும். அவர் தாவரங்களைப் பூவின் மகரந்தக் கேசரங்களை எண்ணிப் பிரித்தார். அது தேடுவதற்கு எளிய முறையேயன்றி இயற்கையான முறையன்று என்பதை அவரே அறிந்திருந்தார். பின்னர் 1859-ம் ஆண்டில் டார்வின் தம் பெருநூலை வெளியிட்டபோது, இயற்கையான வகைப்பாடு என்று அறிஞர் தேடிவந்தது யாதென்பது புலனாயிற்று. உயிர்கள் யாவும் பொது முன்னோரிடமிருந்து கிளைத்துப் பிரிந்தவை; ஆதலின் உண்மையான வகைப்பாடு என்பது அவற்றின் வமிச வரலாறேயாகும். நம் நாட்டில் ஒரு குடும்பத்தின் வழிமுறையைக் கொடிவழி என்று வழங்குவர். உயிரினங்களின் கொடிவழியை எழுதுவதே இந்நூலாரின் வேலை.

அங்ஙனமாயின், எழுதிவைத்த ஆவணம் ஒன்றும் இல்லாத உயிர்களுக்குக் கொடிவழி காண்பது எங்ஙனம்? இதற்குத் தமிழ் பயிலும் மாணவர்க்கு நன்கு விளங்கக்கூடிய உவமையொன்று உண்டு. 1887-ம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல ஊர்களினின்றும் ஏட்டுப்பிரதிகளைத் தேடிக்கொணர்ந்து ஒப்புநோக்கினார் என்பதை நாம் அறிவோம். ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதுவோன், இடையிடையே பிழை செய்வான். அப்பிழை அவன் ஏட்டைப் பார்த்து எழுதப்பெறும் ஏடுகளிலெல்லாம் தொடரும். எனவே பத்து ஏடுகளுள் மூன்றில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின், அம்மூன்றும் ஒரு தாயேட்டின் வழிவந்தவை என்று துணியலாம். பத்திலும் பிழையின்றி ஒத்துள்ள பகுதியோ, அவற்றுள் எவை நெருங்கிய உறவின என்பதைக் காட்டாது. அது முதலேட்டிலிருந்தே எல்லாவற்றிற்கும் வந்த பொதுச்சொத்து.

உயிர்களின் நிலையும் இதுவே. ஒற்றுமை மூவகைப்படும். தொன்மையான முன்னோரிடமிருந்து எல்லோர்க்கும் வந்த ஒற்றுமை ஒன்று. ஒரு கிளையில் புதிதாகத் தோன்றி அக்கிளையினர்க்கே உரியதாகிய ஒற்றுமை ஒன்று. உறவின்றியே, ஒத்த வாழ்க்கையால் தனித்தனியே நேர்ந்த ஒற்றுமை ஒன்று. வௌவாலும் காகமும் பறக்கின்றன. அதனால் அவை உறவினவாகா. இம்மூன்றனுள் நடுவண் உள்ளதே உறவுக்குச் சான்றாகும் என்பதை ஜெர்மானியப் பூச்சியியலறிஞர் வில்லி ஹென்னிக் 1950-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில் முறைப்படுத்தினார். ஒரு முன்னோரும் அம்முன்னோரின் வழிவந்தோர் அனைவரும் சேர்ந்ததே இயற்கையான கூட்டம் என்பது அவர் வகுத்த நெறி. இந்நெறியால், நாம் ஐயமின்றி நம்பியிருந்த கூட்டங்கள் சில சிதைந்தன. பல்லியையும் முதலையையும் ஊர்வன என்று ஒன்றாக வைத்துக் கோழியைப் பறவையென்று வேறாக வைத்தோம். உண்மையிலோ முதலைக்குப் பல்லியைவிடக் கோழியே நெருங்கிய உறவு. திமிங்கிலத்திற்கு இன்று வாழும் விலங்குகளுள் மிக அண்மைய உறவு நீர்யானை. உருவம் எவ்வளவு ஏமாற்றுகின்றது, பாருங்கள்!

இனி நம் மலைக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளிலும் செங்குத்தான பாறைகளிலும் வாழ்வது வரையாடு. வரை என்பது மலை. சங்க நூல்கள் வருடை என்று கூறும் விலங்கு இதுவே என்பர். நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர், தம் நாட்டு நூல்களிற் கண்ட காட்டு வெள்ளாட்டின் பெயரைக் கொண்டு இதனை நீலகிரி ஐபெக்ஸ் என்று அழைத்து வேட்டையாடினர். 1838-ம் ஆண்டில் ஒகில்பி என்பவர் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். பின்னர் வந்தோர் இமயமலையில் வாழும் தார் என்னும் விலங்கோடும், அரேபியாவின் ஓமன் பகுதி மலைகளில் வாழும் மற்றொன்றோடும் இதனைச் சேர்த்து, மூன்றையும் ஹெமிட்ராகஸ் என்னும் ஒரே பேரினத்தில் அடக்கினர். மூன்றும் பாறைகளில் தாவுவன. மூன்றுக்கும் பின்னோக்கி வளைந்த குறுங்கொம்புகள் உண்டு. எனவே மூன்றும் உடன்பிறப்புகள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது.

2005-ம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞராகிய ரோப்பிக்கே, ஹசானின் என்னும் இருவர், இம்மூன்று விலங்குகளின் மரபணு எழுத்துகளைச் செம்மறி, வெள்ளாடு முதலிய பிறவற்றின் எழுத்துகளோடு ஒப்புநோக்கினர். ஏட்டுப்பிழையைப் பின்பற்றித் தாயேட்டைக் காண்பதுபோல, எழுத்து மாற்றங்களைப் பின்பற்றிக் கொடிவழி கண்டனர். முடிவு எவரும் எதிர்பாராதது. இமயமலைத் தார் வெள்ளாட்டின் கிளையைச் சார்ந்தது. அரேபியத் தார், வட ஆப்பிரிக்க மலைகளில் வாழும் பார்பரி ஆட்டின் உறவினது. நம் வரையாடோ செம்மறியின் கிளைக்கு அண்மையது! மூன்று உடன்பிறப்புகள் என்று எண்ணப்பட்டவை மூன்று வெவ்வேறு குடிகளைச் சார்ந்தவை. எனவே அவ்வறிஞர் நம் விலங்கிற்கு நீல்கிரிட்ராகஸ் என்னும் புதிய பேரினத்தை வகுத்தனர். அப்பேரினத்தில் இன்று வாழும் சிற்றினம் வரையாடு ஒன்றே.

ஈண்டு ஒரு சுவை உண்டு. ஆங்கிலத்தில் செம்மறிக்கும் வெள்ளாட்டிற்கும் வெவ்வேறு சொற்களேயன்றிப் பொதுச்சொல் வழக்கில் இல்லை. ஆகவே இவ்விலங்கை எதனுள் அடக்குவது என்று அவர்கள் இடர்ப்பட்டனர். தமிழிலோ ஆடு என்பது இரண்டிற்கும் பொது. செம்மறியும் ஆடு, வெள்ளாடும் ஆடு, மலையில் வாழ்வது வரையாடு. அறிவியற் பெயர் பலமுறை மாறியும், மாறவேண்டிய தேவையில்லாது நம் பெயர் நிற்கின்றது. தமிழர் மரபணுவை அறிந்திருந்தனர் என்று இதனாற் பெருமை பேசுவது பேதைமையாம். அறியாத நுட்பத்தை அறிந்ததாகக் காட்டாத சொல் நெடிது வாழும் என்பதே இதனாற் பெறும் பாடம்.

வரையாட்டின் கதை தனிக்கதையன்று. நீலகிரிச் சோலைகளின் தரையில் இலைச்சருகினிடையே ஒளிந்து திரியும் நீலநிறச் சிறு பறவையொன்று உண்டு. சென்னை இராணுவத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டன் 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை உலகிற்கு அறிவித்தார். அதனை இமயமலைப் பக்கத்துப் பறவைகளோடு ஒரு பேரினத்திலும், பின்னர் மற்றொரு பேரினத்திலும் மாற்றிமாற்றி வைத்தனர். 2017-ம் ஆண்டில் வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலியோர் செய்த ஆராய்ச்சியால், அஃது ஈப்பிடிப்பான் கூட்டத்திற்கு அண்மைய தனிக்கிளை என்பது வெளிப்பட்டது. சோலையில் வாழ்வது என்னும் பொருள்பட அதற்குச் சோலிகோலா என்று பெயரிட்டனர். நீலகிரியில் ஓரினம், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பழனிமலைப் பகுதியில் ஓரினம், இன்னும் தெற்கே அகத்தியமலைப் பக்கத்தில் ஓரினம் என இக்கிளை பிரிந்துள்ளது. மலையுச்சிகளைச் சூழ்ந்த தாழ்நிலம், கடல் தீவுகளைப் பிரிப்பதுபோல் இவற்றைப் பிரித்துவைத்தது. சோலைச் சிரிப்பான்களின் வரலாறும் இதுவே. அவற்றிற்கும் அவ்வாராய்ச்சியிலேயே தனிப்பேரினம் வகுக்கப்பட்டது.

இதுகாறும் கூறியதைக் கேட்டு, "எல்லாம் சரி, ஆனால் இப்பெயர் மாற்றங்களால் விளையும் தொல்லை கொஞ்சமா?" என்று வினவுவோர் உளர். அவர் வாதத்தை அலட்சியம் செய்தல் தகாது. பெயர் என்பது அறிஞருக்கு மட்டும் உரியதன்று. சட்டம் இயற்றுவோர், வனக்காவலர், மருந்து செய்வோர், தோட்டக்காரர் ஆகிய அனைவரும் அதனைக் கொண்டே பேசுகின்றனர். பெயர் மாறும்போதெல்லாம் பழைய நூல்களும் புதிய நூல்களும் ஒன்றையொன்று அறியாதவை போலாகின்றன. பைசன் என்பார் 1915-ம் ஆண்டு முதல் வெளியிட்ட நீலகிரி, பழனி மலையுச்சித் தாவர நூலை இன்று எடுத்துப் படிக்கும் மாணவன், பல இடங்களில் பழம்பெயர்க்குப் புதுப்பெயர் தேடியே களைத்துப்போவான்.

இத்தொல்லைக்கு நீலகிரியிலேயே கூரிய சான்று உண்டு. 19-ம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்டு, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் பரவலாக நடப்பட்ட மரத்தை இம்மலைவாசிகள் சீகை மரம் என்பர். அதுவும் நம் சமவெளியின் கருவேலமும் அக்கேசியா என்னும் ஒரே பேரினத்தில் இருந்தன. கொடிவழியை ஆராய்ந்தபோது இரண்டும் வெவ்வேறு கிளைகள் என்பதும், சீகை மரம் கருவேலத்தைவிட வாகைக் கூட்டத்திற்கே அண்மையது என்பதும் தெரிந்தன. பிரிக்கவேண்டியதாயிற்று, ஆனால் பழம்பெயர் எதற்கு? முள்ளுடைய நைல்நதி மரத்திற்கே, அதாவது நம் கருவேலத்திற்கே, அப்பெயர் முதலில் உரியது. ஆயினும் ஆஸ்திரேலியக் கிளையில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் உள்ளமையால், அத்தனையின் பெயரையும் மாற்றுவதைத் தவிர்க்கவேண்டி, 2005-ம் ஆண்டில் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு பழம்பெயரை அவற்றிற்கே அளித்தது. 2011-ம் ஆண்டில் மெல்பர்னில் கூடிய மாநாடு அதனை உறுதிசெய்தது. கருவேலம் வாச்செலியா என்னும் வேற்றுப்பெயர் பூண்டது. வந்தேறிய மரம் பெயரை வைத்துக்கொள்ள, சொந்தக்காரன் பெயரை இழந்த கதை இது என்று குறைகூறுவோர் உளர்.

இக்குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே இரு செயல்கள் கலந்துகிடக்கின்றன; அவற்றைப் பிரித்துணர்தல் வேண்டும். சீகையும் கருவேலமும் வெவ்வேறு கிளைகள் என்பது கண்டறியப்பட்ட உண்மை. அதனை எம்மாநாடும் வாக்கெடுத்து மாற்றவியலாது. எக்கிளைக்கு எப்பெயர் என்பதோ மனிதர் தம் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. அதில் நியாயமும் அநியாயமும் இருக்கலாம், விவாதிக்கலாம், திருத்தலாம். ஏற்பாட்டின் மேலுள்ள சினத்தால் உண்மையைத் தள்ளிவிடுதல், நிலப்பட்டாவில் எழுத்துப்பிழை உளதென்று நிலமே இல்லையென்பது போலாம்.

இனி, இவ்வுண்மையை அறிவதால் பயன் யாது? வெறும் நூலறிவின்பமே எனின், இத்தனை சொல்ல வேண்டியதில்லை. வரையாடு இமயமலைத் தாரின் உடன்பிறப்பு என்று நம்பியிருந்த காலத்தில், "இங்கே அழிந்தாலும் அங்கே அதன் இனத்தார் உளர்" என்று ஒருவன் தன் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். கொடிவழி அந்த ஆறுதலைப் பறித்துவிட்டது. நீல்கிரிட்ராகஸ் என்னும் கிளையில் எஞ்சிய ஒற்றைத் தளிர் இவ்விலங்கு. இது வாழ்வது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. இது மறையின் மறைவது ஓரினம் மட்டுமன்று, ஒரு குடியே வேரற்றுப்போம். ஒரு நூலின் பல பிரதிகளுள் ஒன்றைச் செல்லரிப்பது வேறு. ஒரே பிரதியாய் எஞ்சிய நூலைச் செல்லரிப்பது வேறு. இவ்வேறுபாட்டை நமக்குக் கற்பிப்பது வகைப்பாட்டு நூலேயாம்.

இவ்விலங்கு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 1975-ம் ஆண்டில் இதனைப் பற்றிய முதல் ஆராய்ச்சிகளுள் ஒன்றைச் செய்தவர் ஈ. ஆர். சி. தாவீதார். அவர் நினைவாக அக்டோபர் 7-ம் நாளை வரையாட்டு நாளாகக் கொண்டாட அரசினர் முடிவு செய்து, 2022-ம் ஆண்டில் 25.14 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு திட்டத்தையும் அறிவித்தனர். 2024-ம் ஆண்டின் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பகுதியில் காணப்பட்டவை 1,031. ஒரு பெரிய ஊரின் மாட்டுச் சந்தையில் ஒரே நாளில் கூடும் கால்நடைகளின் தொகையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்! முக்குருத்தியின் புல்வெளி நிற்கும் வரையில் நீலகிரி வரையாடு நிற்கும். அப்புல்வெளியினுள் சீகை மரம் புகுந்து பரவிய இடங்களில் அதன் மேய்ச்சல் சுருங்கிற்று. உயர்ந்த மரம் நிற்பதே காடு, புல் நிற்பது பாழ்நிலம் என்று கருதிய வகைப்பாட்டுப் பிழையும் அப்புல்வெளிகளில் மரம் நட்டதற்கு ஒரு காரணமன்றோ? பொருளைத் தவறான பெட்டியில் இட்டால் அதற்குச் செய்யும் காரியமும் தவறாகிவிடுகின்றது.

மற்றொரு பயனும் உண்டு. ஏணிபோல் உயிர்களை அடுக்கிய பழைய முறையில் உயர்வும் தாழ்வும் உண்டு. மேற்படியில் நாம் அமர்ந்திருந்தோம். கொடியில் உயர்வு தாழ்வு இல்லை. இன்றுள்ள தளிர்கள் அனைத்தும் வேரினின்று ஒரே காலத்தொலைவில் நிற்கின்றன. கொடிவழி என்ற சொல்லைக் கேட்டவுடன் குலப்பெருமை பேசப் பழகிய நமக்கு, குலம் என்பது உறவைச் சொல்லுவதேயன்றி மேன்மையைச் சொல்லுவதன்று என்பதை ஒரு பறவையும் ஓர் ஆடும் கற்பிக்கின்றன.

ஆகவே மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். வகைப்பாட்டைப் பெயர்ப்பட்டியலாகக் கற்பியாது, இக்கூட்டம் ஏன் ஒன்றாயிற்று, எச்சான்றால் பிரிந்தது என்னும் வழக்காகக் கற்பியுங்கள். காரணம் அறிந்தவன் பெயரை மறந்தாலும் மீட்டுக்கொள்வான். அறிவியற் பெயரை எழுதுமிடத்தெல்லாம் பழம்பெயரையும் உடன் எழுதுங்கள். நூலுக்கும் நூலுக்கும் இடையே பாலம் அற்றுப்போகாது. ஊரார் வழங்கும் பெயரைக் கேட்டறிந்து அதனையும் குறியுங்கள். சீகை, வரையாடு என்னும் சொற்கள் எம்மாநாட்டின் தீர்மானத்தாலும் மாறாதவை.

அடுத்த முறை உதகைக்குச் செல்வோர் அப்பலகைகளின் முன் சிறிது நின்று படிப்பாராக. அங்கே எழுதியிருப்பது ஒரு பெயர் மட்டுமன்று. நெடுங்கால வரலாறொன்றின் சுருக்கம். அவ்வரலாற்றைத் திருத்தமாகப் படிக்குந்தோறும் பலகையைத் திருத்த நேர்வது பழியன்று. ஏடு பார்த்துப் பிழை களையும் பதிப்பாசிரியனுக்கு அது புகழேயாகும்.